பதினாலு புள்ளி ஏழு ஒன்று

முதலில் எழும் சிகரத்தை நான் பார்ப்பதில்லை.
ஆழித்தேர் மாதிரி தெருவை அடைத்துக்கொண்டு வரும்.
அது ஹெக்சேன். நான் ஊற்றியது.
கோரைக்குடி மண்ணுக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை.
தேர் போகட்டும்,
பின்னால் நடந்து வருகிறவர்கள்தான் கணக்கு.

சீராளன் மண்ணை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.
மூடியில் நல்லெண்ணெய் வாசம்.
இதை வாங்க முடியாது என்றதும் முகம் சுண்டிவிட்டது.
மறுநாள் அமீனை அனுப்பினேன்,
சூளையில் சுட்ட கண்ணாடிக் குப்பிகளோடு.
நாகப்பட்டினத்து நண்டு வாங்கி வருகிறவன்போல
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
திருவாரூர் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

நிறுவனத்தின் கடிதம் இரண்டே வரி:
குழாய் கசிந்தது சென்ற செவ்வாய் இரவு.
அடைக்கப்பட்டது புதன் காலை.

ஊசி முனையில் ஒரு மைக்ரோலிட்டர்.
ஒன்றரை வேலி நிலத்தின் வழக்கு
கொசுவின் கண்ணீர் அளவில் உள்ளே போகிறது.
முப்பது மீட்டர், மயிரிழைக் குழாய்,
சுருட்டி அடுப்புக்குள் வைத்த ஆறு.
ஹீலியம் தள்ள, சூடு ஏற,
இலேசானது முந்துகிறது.
கனத்தது சுவரைப் பிடித்துப் பிடித்து
தங்கித் தங்கி வருகிறது.
மதகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் திறந்தது,
கடைமடைக்கு யார் எப்போது வந்தார்கள்
என்பதில் இருக்கிறது சேதி.

வந்த நேரம் பெயர்.
அடைத்த பரப்பு அளவு.
உயரம் ஏமாற்றும்.
இங்கே நிலத்தை யாரும் உயரம் கேட்பதில்லை,
எத்தனை மா என்றுதானே கேட்கிறோம்.

குழாயிலிருந்தே எடுத்த எண்ணெயை முன்பே ஓட்டியிருந்தேன்.
மெஷின் நடவு போட்ட வயல் அது:
ஒரு கார்பன் கூட ஒரு நாற்று,
இடைவெளி பிசகாத வரிசை.

சீராளன் வயலில் வரிசை இல்லை.
பிரிக்க முடியாத ஆயிரம் பொருள் சேர்ந்த
ஒரு திடல் மட்டும் வீங்கியிருந்தது.
அதன் மேல் இரண்டு பேர்.
பதினாலு புள்ளி ஆறு இரண்டில்
பதினேழு கார்பன் நேர்ச்சங்கிலி, வெறும் முனகல்.
பதினாலு புள்ளி ஏழு ஒன்றில்
பிரிஸ்டேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.
குழாய் எண்ணெயில் இவர்கள் தோளோடு தோள்.

மண்ணுக்குள் இருக்கும் கிருமிக்கும் நாக்கு உண்டு.
நேர்ச்சங்கிலியை முதலில் தின்னும்.
கிளை விட்டதை
முள் மண்டிய கெண்டைபோலத் தட்டோரம் ஒதுக்கும்.
தட்டில் முள்தான் மிச்சம் என்றால்
இலை போட்டு வெகுநேரம் ஆகிவிட்டது.
செவ்வாய் இரவு பரிமாறியது இல்லை இது.

ஞானப்பிரகாசம் சார் பின்னால் வந்து நின்றார்.
நல்லவர். என் பிரசவ வலிக்குத் தன் காரை அனுப்பியவர்.
மாதம் நாற்பது சாம்பிள் அந்த நிறுவனத்திலிருந்து வருகிறது.
"நடுவுல இருக்குற பள்ளத்தை விட்டுடேன் கஸ்தூரி.
ரெண்டுக்கும் ஒரே பேரு.
கூட்டுப் பட்டா மாதிரி."

வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டியதற்காக
மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த ஜில்லா இது.
மௌஸ் ஈரமாயிருந்தது, என் கைதான்.
பள்ளத்தின் அடியைத் தேடி
கோட்டை இறக்கினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
டீ குடித்தாயா என்றார்.

அறிக்கையில் பெயருக்குக் கட்டம், அளவுக்குக் கட்டம்,
வரம்புக்குக் கட்டம். வயதுக்கு இல்லை.
'குறிப்பு' என்ற இடத்தில் ஒற்றை வரி எழுதினேன்,
மூன்று முறை அடித்து.

சாயங்காலம் சீராளன் போன்: "பாஸா, பெயிலா?"

எத்தனை வருஷம் என்று கோடு சொல்லாது.
ஈரம், வெயில், போட்ட யூரியா
எல்லாம் கலைத்துவிட்ட கணக்கு அது.
செவ்வாய் இல்லை என்கிறது. அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா" என்றார்.
கொஞ்ச நேரம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.
"அந்த மூலையில கோரை கூட முளைக்கலன்னு
போன குறுவைக்கு முந்தின குறுவையிலேயே
மனு கொடுத்தேங்க."

கரண்ட் போய் வந்தது.
அடிக்கோடு இன்னும் ஆடுகிறது.
அடங்கும் வரை
அடுத்த குப்பியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.